இரண்டாவது கடல்

எங்கள் தாத்தா தன்னை ரெண்டு கடல் தாண்டினவன் என்று சொல்லிக்கொள்வார். திண்ணையில் நடக்கும் எந்த வாக்குவாதத்திலும் அவருடைய கடைசி அஸ்திரம் அது. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவருக்கு நடுவே இருந்தது ஒரே கடல்தான் என்று என் தகப்பனார் பூகோள வாத்தியாருக்குரிய பிடிவாதத்தோடு சொல்வார். "அப்புறம் பெரியிலே போனேனே, அது என்ன குட்டையா?" என்பார் தாத்தா. பெரி என்றால் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மலாய் நாட்டிலிருந்து திரும்பியவர்கள் பேச்சில் விளங்காத சொற்கள் கிடப்பது எங்கள் ஊரில் சகஜம். 1971இல் அவர் இறந்தபோது அந்த இரண்டாவது கடலும் கிழவரின் ஜம்பங்களில் ஒன்றாக அவரோடு போயிற்று.

1984இல் நான் மலேசியா போனேன். சுங்கை பட்டாணியில் ஒரு பெரியவர் வீட்டில் தங்கினேன். தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, பின்னால் லாரித் தொழிலில் நாலு காசு பார்த்தவர். உறவு என்று சொல்ல ஏதுமில்லை. என்றாலும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். பினாங்கு பார்க்கலாம் என்று தன் பழைய டட்சனில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பட்டர்வொர்த்தில் துறைக்கு வெளியே கார்களின் வரிசை. முக்கால் மணி நேரம் நின்றோம். தெற்கே, கட்டி முடியாத பாலத்தின் தூண்கள் தண்ணீரில் வரிசையாக நின்றன. "அடுத்த வருசம் வந்தா இந்தக் காத்துக் கெடக்கிறதெல்லாம் இல்ல தம்பி, ஒரே மிதி" என்றார்.

எங்கள் முறை வந்தது. இரும்புச் சரிவில் இறங்கிப் படகின் கீழ்த்தட்டுக்குள் கார் போயிற்று. முன்னால் ஒரு காரின் பின்புறம், பக்கத்தில் ஒரு லாரியின் சக்கரம். எஞ்சினை அணைத்து, பிரேக்கை இழுத்துவிட்டு அவர் சாய்ந்துகொண்டார். நடந்து வந்தவர்களெல்லாம் மேல்தட்டில் காற்றுவாங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி மேலே போகலாமே என்றேன். "கார்ல வந்தவன் கார்லயே இருப்பான், நீங்க போங்க" என்றார். நான் கம்பி ஓரமாகப் போய் நின்றேன். எதிரே ஜார்ஜ் டவுனின் கரை, ஒரு மணிக்கூண்டு, அதற்குப் பின்னால் மலை. ஒரு சிகரெட் முடிந்து இன்னொன்று பற்றவைப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர் இருக்கும். இதுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. காருக்குத் திரும்பி, தாத்தாவின் இரண்டு கடல் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பும்போது சொல்றேன் என்றார்.

அவர் சொன்னதை எழுதுவதற்கு முன் இந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் கடல் தாண்டிய கதையை எழுத வருகிறவர்கள் எல்லோரும் கப்பலோடு நின்றுவிடுகிறார்கள். கப்பல் தளத்தின் வாந்தி, தகரக் குவளை, கரை மறைகிற நேரத்து அழுகை. இதெல்லாம் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் எழுதி எழுதி அது ஒரு சடங்காகிவிட்டது. கப்பலை விட்டு இறங்கியதும் மனிதன் நேராகத் தோட்டத்தில் முளைத்துவிடுவதுபோல அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடும். ப. சிங்காரத்தின் நாவலில் மலாக்கா நீரிணையைக் குறுக்கே தாண்டிப் பினாங்குக்கு ஒரு தோணி வருகிறது. அது பெரிய தண்ணீர், பெரிய எழுத்து. நான் சொல்லவருவது, சாகசத்துக்கு இடமே இல்லாத ஒரு சின்னத் தண்ணீரை.

பிரான்சிஸ் லைட் கம்பெனிக்காகப் பினாங்கைப் பிடித்தது 1786இல். தீவு மட்டுமே அப்போது அவர்கள் கையில் இருந்தது. எதிர்க்கரை கெடா சுல்தானுடையது. 1800இல்தான் அந்தக் கரையில் ஒரு துண்டை வாங்கி வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் தீவில் தமிழர் குடியேறியாயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் ஆயிரம் பேர்போல இருக்கிறார்கள் என்று 1794இலேயே லைட் எழுதியிருக்கிறார். இவர்களுக்கு ஒரு கடல் போதுமானதாக இருந்தது. இறங்கின இடத்திலேயே கடை, பள்ளிவாசல், கோயில், துறைமுக வேலை. எதிர்க்கரையில் கரும்புத் தோட்டங்கள் வந்து, 1830களுக்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தபோதுதான் இந்த நீருக்கு வேறு வேலை ஏற்பட்டது. அது ஆட்களைப் பிரிக்க ஆரம்பித்தது. எழுத்துக் கணக்கு தெரிந்தவன், கடையில் நிற்கத் தெரிந்தவன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் தீவில் தங்கினான். மண்வெட்டியும் பால்கத்தியும் பிடிக்க வந்தவன் அக்கரைக்குப் போனான். தீவுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருந்தது மூன்று கிலோமீட்டர்தான். ஒரு தமிழன் அந்தத் தூரத்தில் இன்னொரு ஜாதியாக மாறினான்.

முறையான ஃபெர்ரி 1894இல் வந்தது. நடத்தியவர் குவா பெங் கீ என்ற சீன வியாபாரி. அதே 1894இல்தான் நகரத்தார்கள் தங்கள் தண்டாயுதபாணிக்கு வெள்ளி ரதத்தைக் கடல் கடந்து தீவில் கொண்டுவந்து இறக்கினார்கள். தைப்பூசத்துக்கு அக்கரைத் தோட்டத்து ஜனங்கள் தண்ணீர்மலைக்கு வந்தார்கள் என்றால் தண்ணீர் தாண்டித்தான் வரவேண்டும். சாமி ஒரு கடலோடு நின்றுவிட்டார்.

பிறகு ரயில். 1899இல் பிறையிலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்கு இருப்புப்பாதை திறந்தார்கள்; 1903இல் அது சிரம்பான்வரை இணைந்தது, 1909இல் ஜொகூர்வரை. ரயில்காரர்கள் தீவில் ஒரு பெரிய ஸ்டேஷன் கட்டிடத்தை எழுப்பினார்கள். நான் கரையில் பார்த்த மணிக்கூண்டு அதனுடையதுதான். அங்கே டிக்கெட் வாங்கலாம், மணி பார்க்கலாம், சாப்பிடலாம். தண்டவாளம் மட்டும் கிடையாது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு படகில் பிறைக்குப் போய் அங்கே ரயிலேற வேண்டும். தண்டவாளமே இல்லாத ஸ்டேஷன் என்று இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கில் கடல் என்று ஒன்றைத் தனியாக எழுதவே விரும்பாத ஒரு நிர்வாகம், தண்ணீரையும் பாதையின் ஒரு துண்டாகவே எண்ணியது. கப்பலிலிருந்து இறங்கும் கூலியை ஜெரஜா தீவில் தொத்துநோய்க் காவலில் வைத்துக் குளிப்பாட்டி, அம்மை குத்தி, படகில் அக்கரைக்குக் கொண்டுபோய், ரயிலில் அடைத்துத் தோட்டத்து ஸ்டேஷனில் இறக்குவதுவரை அது ஒரே நூல். இந்த நூலில் கங்காணி கையை விட்டு ஆள் நழுவக்கூடிய ஒரே இடம் தீவு. ஜார்ஜ் டவுன் சந்துகளில் ஒருவன் காணாமற்போய்விடலாம். படகு ஏறிவிட்டால் அது முடியாது. தாத்தாவுக்குக் கப்பலைவிடப் படகு பெரிதாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1924இல் ஃபெர்ரியைத் துறைமுக வாரியம் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷமே வண்டிகளை ஏற்றும் படகுகள் வந்தன. கார் ஏறிய பிறகு படகின் அமைப்பே மாறிவிட்டது. துறையில் சரிவுப்பாலம் வேண்டும், வரிசை போட இடம் வேண்டும், படகின் வயிற்றை வண்டிக்குக் கொடுத்துவிட்டு ஆட்களை ஓரத்துக்கோ மேலுக்கோ தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் தோட்டத் துரைகளும் சீனத் தவுக்கேக்களும். துரை தன் காரோடு தீவின் கிளப்புக்குப் போய், இரவு அதே காரோடு தோட்டத்துக்குத் திரும்ப முடிந்தது. நம் ஆள் 1936இல் ஒரு மூட்டையோடு, போகிற திசையில் மட்டும், ஒரே ஒரு தடவை அதே தண்ணீரைத் தாண்டினார். இருவரும் போன தூரம் ஒன்றுதான் என்று சரித்திரம் சொல்லும்.

இனி பெரியவர் சொன்னது. அன்று மாலை திரும்பும்போதும் அவர் காரை விட்டு இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

தாத்தாவுக்கு ஒரு தம்பி உண்டு என்றும், மலாய் நாட்டில் காய்ச்சலில் போய்விட்டார் என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். கூலியாட்கள் போவதை 1938இல் இந்திய சர்க்கார் தடுத்துவிட்ட பிறகு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர் அவர். எட்டாவது படித்தவர். பினாங்கு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். அண்ணன் அக்கரையில் பால்மரம் வெட்டுகிறார், தம்பி இக்கரையில் வெள்ளைச்சட்டை போடுகிறார். மாசம் ஒருமுறை சம்பளத்துக்கு மறுநாள் தாத்தா படகேறி வந்து தம்பியைப் பார்த்துவிட்டுப் போவாராம். தம்பி தோட்டத்துக்கு வந்ததே இல்லை. "ஒரு கடலோட நின்னுட்டான் பாரு, ரெண்டாவது தாண்ட மாட்டேங்கிறான்" என்று தாத்தா லயத்தில் சொல்லிச் சிரிப்பாராம். அந்தச் சொல் அங்கே பிறந்தது.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. பட்டர்வொர்த் விமானத் தளத்தை முன்பே தாக்கியிருந்தார்கள். தீவுக்காரர்கள் அதுவரை குண்டைப் பார்த்ததில்லை. விமானத்தைப் பார்க்கத் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றவர்கள் நின்றபடி செத்தார்கள். அக்கரையில் தோட்டத்து மேட்டிலிருந்து பார்த்தால் தீவு முழுக்கப் புகை என்றார் பெரியவர். அவருக்கு அப்போது பதினேழு வயசு. தாத்தா அன்று மத்தியானமே துறைக்கு ஓடியிருக்கிறார். தீவுக்குப் போகிற படகில் இடம் கொடுக்கவில்லை. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

அந்தப் படகுகள் வேறு காரியத்தில் இருந்தன. 13ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் தீவிலிருந்து அகற்றினார்கள். 16ஆம் தேதி இரவு எஞ்சிய வெள்ளையர்கள், ராணுவத்தினர், அதிகாரிகள் எல்லோரும் சத்தமில்லாமல் தீவை விட்டுப் போய்விட்டார்கள். ஃபெர்ரி ஆட்கள் குண்டுக்குப் பயந்து ஓடிவிட்டதால், ஆறு நாள் முன்பு மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் போர்க்கப்பல்களில் பிழைத்த மாலுமிகளைக் கொண்டுவந்து படகை ஓட்டினார்கள் என்பது பதிவில் இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், தமிழர் யாருக்கும் சொல்லவில்லை. நூற்றைம்பது வருஷம் ஆண்ட தீவை அவர்கள் விட்டுப்போன வழி, காரும் ஆளும் போகிற இந்தச் சாதாரணப் படகுதான். போகிற அவசரத்தில் துறைமுகத்தில் கிடந்த சின்னப் படகுகளையும் வானொலி நிலையத்தையும் அழிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தப் படகுகளை வைத்துத்தான் ஜப்பானியர் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கினார்கள்.

காலியான ஊரில் பொறுப்பேற்றவர் ஒரு தமிழர். ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைக்காரர், மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக்கை இறக்கியவர் அவர். ஊரில் படையில்லை, குண்டு போடவேண்டாம் என்று அந்த வானொலியிலேயே ஜப்பானியருக்குச் சொன்னவரும் அவர். 19ஆம் தேதி அவர்கள் வந்து இறங்கும்வரை, பல இனத்தாரும் சேர்ந்த ஒரு கமிட்டியை வைத்துக்கொண்டு கொள்ளையைத் தடுத்து, பிணங்களை எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார். ஒரு சாம்ராஜ்யத்தின் கொடியை ஒரு பத்திரிகைக்காரன் கயிற்றைப் பிடித்து இறக்கினான் என்பது எந்த நாவலாசிரியனுக்கும் கிடைக்காத காட்சி. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

பிறைத் துறையில் துரைமார் வந்து இறங்கியதைத் தாத்தா பார்த்திருக்கிறார். அவருடைய தோட்டத்துத் துரையும் போய்விட்டிருந்தார். ஜப்பானியர் வந்த பிறகு ஒரு மலாய் மீனவனின் சம்பானில், இருந்த காசையெல்லாம் கொடுத்துத் தீவுக்குப் போனார். பெரியவரும் கூடப் போயிருக்கிறார். பினாங்கு வீதியில் கடை இருந்த இடத்தில் சுவர் இருந்தது. பிணங்களை எடுத்தவர்கள் பெயர் எழுதி வைக்கவில்லை. இரண்டு நாள் தேடிவிட்டு அதே சம்பானில் திரும்பினார்கள். "அண்ணன் பேசவேயில்ல தம்பி. கரை ஏறினப்பறம் திரும்பிப் பாத்துட்டு, அவன் ஒண்ணோட நின்னுட்டான், நான் ரெண்டு தாண்டிட்டேன்னாரு" என்றார் பெரியவர்.

1946இல் தாத்தா ஊர் திரும்பினார். தம்பி காய்ச்சலில் போனதாக அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்கு அவருடைய தாயார் உயிரோடிருந்ததும் காரணமாக இருக்கலாம். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து வங்காள விரிகுடா ஒன்றா இரண்டா என்று அவரை மடக்கிக்கொண்டிருந்தோம்.

பாலம் 1985இல் திறந்தது. பதின்மூன்றரை கிலோமீட்டர். தீவுக்குப் போகிறவனுக்குத்தான் சுங்கம், திரும்பி வருகிறவனுக்கு இல்லை. ஃபெர்ரியிலும் அப்போது அதே வழக்கம். பட்டர்வொர்த்தில் காசு வாங்குவார்கள், தீவிலிருந்து வரும்போது சும்மா ஏறிக்கொள்ளலாம். தீவுக்குப் போனவன் எப்படியும் திரும்பவேண்டியவன்தானே என்ற கணக்கு. நிர்வாகத்துக்கு இது சிக்கனம். திரும்பாதவர்களைக் கணக்கில் சேர்த்துக் கட்டணம் வைக்க முடியாதுதான்.

கார்கள் பாலத்துக்குப் போய்விட்டன. ஆனால் நடைக்காரர்கள் படகை விடவில்லை. 1988 ஜூலை 31ஆம் தேதி பட்டர்வொர்த் துறையில் கூட்டத்தின் பாரம் தாங்காமல் தளம் இடிந்து 32 பேர் செத்தார்கள். ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். புக்கிட் மெர்தாஜாமின் புனித அன்னாள் திருவிழாவும் தீவில் சீனர்களின் விழாவும் ஒன்றாக வந்த நாள். பாலம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காரில்லாதவர்களுக்குப் பாலம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி.

2019இல் மறுபடி போனேன். பெரியவர் இல்லை. இந்தத் தடவை காரும் இல்லை. 1 வெள்ளி 20 காசு கொடுத்து மேல்தட்டில் உட்கார்ந்தேன். படகுகளுக்கெல்லாம் தீவுகளின் பெயர்: புலாவ் காப்பாஸ், புலாவ் ரீமாவ், புலாவ் ஆங்சா. பஞ்சுத் தீவு, புலித் தீவு, வாத்துத் தீவு. ஒரு தீவுக்குப் போக இன்னொரு தீவின் மேல் ஏறவேண்டியிருப்பது யாருடைய குறும்போ தெரியாது. கீழே சில கார்கள்தான். ஒவ்வொன்றிலும் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டவாளமில்லாத ஸ்டேஷன் சுங்க இலாகாவின் அலுவலகமாகியிருந்தது. மணிக்கூண்டு அப்படியே இருந்தது. பினாங்கு வீதியில் நான் எந்தக் கடையையும் தேடவில்லை. எண் தெரியாமல் எதைத் தேடுவது?

2021 ஜனவரியோடு கார் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். தொண்ணூற்றைந்து வருஷப் பழக்கம். ஆட்களுக்கு வேகப்படகு வந்தது. 2023 ஆகஸ்டில் நாலு புதுப் படகுகள் வந்தன: ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும். தொடக்கத்தில் ஆளுக்கு மட்டும் இருந்த படகு, நடுவில் காருக்கென்று தன் வயிற்றையே மாற்றிக்கொண்டு, இப்போது காரை உதறிவிட்டு மறுபடி ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்திருக்கிறது. இதை முன்னேற்றம் என்றோ பின்னேற்றம் என்றோ சொல்லத் துறைமுகக் கணக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த வருஷக் கடைசியில் புதுப் படகில் ஒருமுறை போனேன். குளிர்சாதன அறை, கண்ணாடி ஜன்னல். எனக்கு உள்ளே இருக்கப் பிடிக்காமல் வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போனேன். ஒரு தமிழ்ப் பையன் மோட்டார் சைக்கிள்மேலேயே உட்கார்ந்திருந்தான். தீவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, தினம் போய் வருகிறவன். கடல் எவ்வளவு தூரம் இருக்கும் என்று சும்மா கேட்டேன்.

"பத்து நிமிசம், அங்கிள்" என்றான். ஹெல்மெட்டை அவன் கழற்றவில்லை.